அடுக்களையில் விட்டுக்கொடுத்தவை

பழைய அடுக்களைச் சுவரைக் கொத்தனார் உடைக்கத் தொடங்கியதும் முதலில் கிளம்புவது புகை வாசனைதான். மேலே எமல்ஷன் பெயின்ட், அதற்கு அடியில் டிஸ்டம்பர், அதற்கும் அடியில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக. எல்லாவற்றுக்கும் கீழே விறகுப் புகை ஏறிக் கறுத்த காரை. திருநெல்வேலிப் பக்கத்து வளவு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காரைக்கட்டி ஒன்று உதிர்ந்தால் போதும், ஊதுகுழலோடு ஆச்சி குனிந்திருந்த அடுப்படி முழுசாக நினைவுக்கு வந்துவிடும். அந்த ஏடுகள் ஒவ்வொன்றும் அடுக்களை கண்ட ஒரு மாற்றத்தின் தடம். ஒவ்வொரு மாற்றத்திலும் வீடு ஒரு வசதியைப் பெற்றது, இன்னொன்றை விட்டுக்கொடுத்தது. எதைப் பெறுவதற்கு எதை விடலாம் என்று தீர்மானிப்பதுதான் அடுக்களையை மாற்றிக் கட்டுவதில் உள்ள பெரிய வேலை. மற்றதெல்லாம் கூலியும் சாமானும்.

அந்த வீடுகள் நேர்கோட்டில் நீளும். தெருவை ஒட்டித் தார்சா, பிறகு பட்டாசல் என்னும் கூடம், வெளிச்சம் குறைந்த அரங்கு, கடைசியாக அடுக்களை. அதைத் தாண்டினால் கிணறு. தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், புகை படுக்கும் இடத்துக்கு வரக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அடுக்களையைக் கடைக்கோடிக்குக் கொண்டுபோயின. அடுப்பு தென்கிழக்கே அக்னி மூலையில், சமைப்பவர் கிழக்கே பார்த்து உட்காரும்படி இருக்கும். மேற்குப் பார்த்த வீடானால் அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் மேற்குக் காற்று புகையை வீட்டுக்குள் விடாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும்.

வேலையெல்லாம் தரையில் உட்கார்ந்துதான். கொடியடுப்புக்கு முன்னால் மணைப்பலகை. இடக்கை எட்டும் தூரத்தில் விறகு, வலப்பக்கம் அஞ்சறைப்பெட்டி, முதுகுக்குப் பின்னால் தண்ணீர்த் தவலை. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது அதன் அனல் ஓடிவரும் கொடியில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். ஆச்சி ஒருமுறை உட்கார்ந்தால் சொதி இறக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். கைக்கு எட்டாத எதற்கும் குரல்தான். "ஏளா, அரங்குல இருந்து ரெண்டு தேங்கா எடுத்துட்டு வா" என்றால் யாராவது ஒரு பேத்தி ஓடுவாள். நடை மிச்சமாகும் அருமையான அமைப்பு அது. அதற்கு விலையாகப் போனவை ஆச்சியின் கண்களும் முழங்கால்களும். கூப்பிட்டால் ஓடிவர நாலைந்து பிள்ளைகள் வீட்டில் இருந்ததால்தான் அது நடந்தது. குடும்பம் சுருங்கியபோது, அடுப்பு மாறும் முன்பே அந்த அமைப்பு தளர்ந்துவிட்டது.

பெரிய மாற்றம் காஸ் அடுப்போடு வந்தது. இண்டேன் எரிவாயு 1965-இல் இந்தியாவில் அறிமுகமானது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்துதான் பல தெருக்களில் இணைப்பு கிடைத்தது. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே சமையல் மேடை கட்டியே ஆக வேண்டும், மேடை வந்தால் நின்றுதான் சமைக்க வேண்டும். கண் எரிச்சல் போயிற்று, கால் வலி வந்தது. ஆச்சிகள் பலர் அந்த மேடைக்கு அருகே ஒரு உயரமான முக்காலி போட்டுக்கொண்டார்கள். குழம்பு கொதிக்கும் நேரம் உட்காருவதற்கு அது. இன்றைய அடுக்களைத் திட்டங்களிலும் ஒரு முக்காலிக்கான இடத்தை, மேடைக்கு அடியில் கால் நுழையும் ஓர் இடைவெளியோடு, ஒதுக்கலாம். அதற்காக விட வேண்டியது ஒரு அலமாரி அகலம் மட்டுமே. வயதானவர்கள் உள்ள வீட்டில் அது லாபம்.

சிலிண்டரை எங்கே வைப்பது என்பது அன்று தொடங்கிய கேள்வி, இன்னும் தீரவில்லை. 14.2 கிலோ எரிவாயுவைத் தாங்கும் சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். அதனால் மூடிய கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம். சிலிண்டரை வெளிச்சுவரை ஒட்டி வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவந்தால் பாதுகாப்பும் இடமும் கிடைக்கும். ஆனால் அதற்குப் பூட்டுள்ள கூண்டு வேண்டும், நடுச்சமையலில் தீர்ந்துபோனால் மாற்ற வெளியே போக வேண்டும். தனி வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. அடுக்குமாடியில் பெரும்பாலும் உள்ளேதான் வைக்க வேண்டியிருக்கும், அங்கே கதவைவிடத் துளை முக்கியம்.

மேடையின் உயரத்தை முதலில் கட்டிய கொத்தனார்கள் தங்கள் இடுப்பை வைத்தே அளந்தார்கள். ஒரு வீட்டில் செங்கல் வரிசை ஏறிக்கொண்டிருந்தபோது ஆச்சி அருகில் வந்து நின்று முழங்கையை மடக்கிக் காட்டினார். "தம்பி, இதுல நிக்கப்போறது நானும் என் மருமகளும். எங்க கைக்குக் கெட்டு" என்றார். கொத்தனார் ஒரு வரிசையைப் பெயர்த்தார். அந்த மேடை இன்றும் அப்படியே இருக்கிறது. முழங்கையை மடக்கினால் வரும் உயரத்திலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் தாழ்வாக மேடை இருக்க வேண்டும் என்பதே இப்போதும் சொல்லப்படும் கணக்கு. ஐந்தடிப் பெண்ணுக்கு அது 32 முதல் 34 அங்குலம் வரும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து 36 அங்குலம் வைத்தால் காய் நறுக்கத் தோள் தூக்க வேண்டியிருக்கும். மேடைமேல் வைக்கும் அடுப்பு இன்னும் நாலைந்து அங்குலம் ஏறும். அதன்மேல் வாணலி வைத்தால் கரண்டி பிடித்த கை நெஞ்சளவுக்குப் போகும். அடுப்புப் பகுதியை மட்டும் தாழ்த்திக் கட்டினால் கைக்குச் சுகம், ஆனால் கிரானைட் பலகை ஒரே நீளமாக ஓடாது, துடைக்கும்போது படி தட்டும். கல்லுக்குள் பதிக்கும் ஹாப் வாங்கினால் உயரமும் குறையும், பரப்பும் சமமாக இருக்கும். ஆனால் பால் பொங்கி வழிந்தால் துடைப்பது கடினம், பழுதானால் அதே அளவு வெட்டுக்குப் பொருந்தும் அடுப்பைத்தான் தேட வேண்டும்.

புகையின் கதை தனி. ஓட்டுக் கூரை இருந்த நாளில் ஓடுகளின் இடுக்கு வழியாகப் புகை தானே வெளியேறியது. வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. மழையில் ஒழுகும், அணில் குடியிருக்கும். வசதி வந்ததும் ஓட்டைப் பிரித்துத் தட்டட்டி போட்டார்கள். ஒழுக்கு நின்றது, மேலே வற்றல் காயவைக்க மாடியும் கிடைத்தது. ஆனால் விறகு அடுப்பு அப்படியே இருந்த வீடுகளில் புகைக்குப் போக வழியில்லாமல் போயிற்று. காஸ் இணைப்பு வரும் வரையில் அந்த அடுக்களைகளில் சமைத்த பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒன்றை மாற்றும்போது அதை நம்பியிருந்த இன்னொன்று என்னவாகும் என்று பார்க்காததன் விளைவு அது. இன்றும் இதே நடக்கிறது. ஏசி வைத்த கூடத்தோடு அடுக்களையை இணைத்துவிட்டு, ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். மிளகாய் தாளித்ததும் வீடே தும்முகிறது.

சிம்னி இதற்கு விடையாக வந்தது. அடுப்புக்கு மேல் 26 முதல் 30 அங்குல உயரத்தில் அதை மாட்டுவார்கள். தாழ்ந்தால் தலை இடிக்கும், உயர்ந்தால் புகை பக்கவாட்டில் தப்பும். குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகையே நம் தாளிப்புக்குத் தாங்கும். கரி வடிகட்டி போட்டுக் காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வகை வாசனையைக் கொஞ்சம் குறைக்குமே தவிர அனலை வெளியேற்றாது. குழாய் குறைந்த வளைவுகளோடு நேராக வெளிச்சுவரை அடைய வேண்டும். ஆகவே சிம்னி வேண்டுமென்றால் அடுப்பு வெளிச்சுவரை ஒட்டியே இருப்பது நல்லது. அங்கேதான் ஜன்னலும் இருக்கும். ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பு வைத்தால் காற்றில் சுடர் அலையும், காஸ் வீணாகும். ஜன்னலைப் பாத்திரம் துலக்கும் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பக்கத்துச் சுவருக்கு நகர்த்துவது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். அக்னி மூலை தப்பக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதையும் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட வேண்டும். அவர்கள் மனம் ஒப்பாத அடுக்களையில் யாரும் நிம்மதியாகச் சமைக்க முடியாது. அந்த மூலை வாய்க்காத அடுக்குமாடி வீடுகளுக்கு வாஸ்து பார்ப்பவர்கள் வடமேற்கை இரண்டாவது இடமாக ஒப்புக்கொள்கிறார்கள்.

தண்ணீர்ப் பக்கம் வந்தால், அந்த வீடுகளில் அங்கணம் என்று ஒன்று இருந்தது. அடுக்களை ஓரத்தில் கையகல உயரக் கட்டை கட்டி, கல் பாவி, ஓட்டை வைத்த சதுரம். அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது, மீதித் தண்ணீர் கொட்டுவது எல்லாம் அங்கேதான். வெளியே போகும் தண்ணீர் வாழைக்குப் பாயும். அங்கணத்தில் அண்டாவைக்கூட உருட்டிக் கழுவலாம், ஆனால் குந்தியிருக்க வேண்டும். மேடைத் தொட்டி வந்ததும் குந்துவது நின்றது, அண்டா கழுவ இடமும் போனது. இரட்டைத் தொட்டி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இட்லிக் கொப்பரையும் பெரிய குக்கரும் புழங்கும் வீட்டில் ஒரே பெரிய தொட்டிதான் உதவும். ஆழம் பத்து அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீர் தெறிக்காது, முதுகு வளையும். பழைய தரையில் இருந்த இன்னொரு அருமை வாட்டம். ரெட் ஆக்சைடு தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தானாக மூலைத் துளைக்கு ஓடும். டைல்ஸ் போடுகிறவர்கள் அந்தத் துளையை அடைத்துத் தரையைச் சமமாக்கிவிடுகிறார்கள். கழுவிவிடும் பழக்கம் உள்ள வீடானால், தரை போடும் முன்பே வாட்டத்தையும், தண்ணீர் வடியும் துளைக்கான நானி டிராப்பையும் கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

அரைப்பதற்கான இடத்தை நவீன அடுக்களைத் திட்டங்கள் மறந்தே போகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறிய அடுக்களையை வடிவமைத்தார். ரயிலின் உணவுப் பெட்டி அடுக்களை அவருக்கு முன்மாதிரி. சமைக்கும் பெண்ணின் நடையை அளந்து இடத்தைப் பிரித்த முன்னோடி அது. 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுகள் அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தைப் பரப்பின. மூன்று பக்கமும் சேர்ந்து 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. கணக்கு நல்லதுதான், ஆனால் அதில் சட்னி இல்லை, இட்லி மாவு இல்லை. நம் வீட்டில் காலை நேரத்து மூன்றாவது மூலை மிக்ஸிதான். பிரிட்ஜைப் பட்டாசலில் வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகள் குறையில்லாமல் சமைத்திருக்கின்றன. மிக்ஸிக்கு அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே, நனையாத உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இல்லாவிட்டால் தினமும் சிரமம்.

ஆட்டுரலைப் பெயர்த்த நாளை அந்தக் காலத்துப் பெண்கள் மறப்பதில்லை. தரைக்குள் புதைந்திருந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துக் கிணற்றடிக்கு உருட்டினார்கள். வீட்டு மருமகள் அன்று மகிழ்ச்சியோடு நின்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் உளுந்து ஆட்டிய கை அவருடையது. ஆச்சிக்கு மட்டும் கல்லில் ஆட்டிய மாவின் பக்குவம் போயிற்றே என்ற குறை கடைசிவரை இருந்தது. கோயம்புத்தூர் கிரைண்டர்கள் வீடுதோறும் வந்தன. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் தரத் தொடங்கிய பிறகு சிறிய வீடுகளிலும் அவற்றுக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. கல்லோடு கூடிய கிரைண்டரைத் தினமும் மேடைக்குத் தூக்கி இறக்க முடியாது. முழங்கால் உயரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த கல்மேடை கட்டினால் அங்கேயே அரைத்து அங்கேயே கழுவலாம். அதற்காக இரண்டு இழுப்பறைகளின் இடத்தை விட வேண்டியிருக்கும். வாரம் இருமுறை மாவாட்டும் வீட்டுக்கு அந்த இடத்தை விடுவதே சரி. கடையில் மாவு வாங்கும் வீட்டுக்கு இழுப்பறையே உதவும்.

மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்கும்போது புளியை நினைத்துக்கொள்ள வேண்டும். மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து மங்கிப்போகும். முன்பு எல்லா வீட்டிலும் பலகையாக இருந்த கடப்பா கல்லும் அதே வகைதான். மலிவு, வலு, ஆனால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். கிரானைட் புளிக்கும் சூட்டுக்கும் அஞ்சாது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெட்டுவதால் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. கறுப்புக் கிரானைட்டில் கறை தெரியாது, ஆனால் அறை இருட்டடிக்கும். வெளிர் நிறத்தில் மஞ்சள்தூள் கறை உடனே தெரியும். குவார்ட்ஸ் பலகை அழகானது, கறை பிடிக்காது. அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால் தடம் விழும். இறக்கி வைக்கப் பிரிமணை தேடும் பொறுமை இருக்கிறவர்களுக்கு அது சரிப்படும்.

சாமான் வைக்கும் இடத்தில்தான் பணம் அதிகம் போகிறது. அன்று சுவரில் மாடக்குழி, மேலே பரண், கூரையிலிருந்து தொங்கும் உறி, அரங்கில் மண்பானைகள். திறந்தே இருந்ததால் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது என்பது ஒரு பார்வையில் தெரிந்தது. மூடிய அலமாரி தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தடுக்கும், ஆனால் உள்ளே ஈரமும் பாச்சையும் சேரும். தினம் எடுக்கிற தம்ளரும் தட்டும் திறந்த தட்டில் இருக்கலாம், மாதாந்தரச் சாமான் மூடிய இடத்துக்குப் போகலாம். கீழ்ப்பகுதியில் இழுப்பறை போட்டால் குனிந்து தேட வேண்டாம். சாதாரண அலமாரியைவிட அதற்குச் செலவு அதிகம், ஆகவே அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும் போடலாம். தொட்டிக்கு அடியில் ஈரம் பட்டால் உப்பிப்போகும் பலகையைப் போடவே கூடாது. அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் வேண்டும், அல்லது கல் தட்டோடு அலுமினியக் கதவு. கரையான் அதிகம் உள்ள ஊர்களில் கல் தட்டே காலத்துக்கும் நிற்கும்.

கடைசியாகச் சுவர். ஆச்சியின் அடுக்களையில் இருப்பவர்களுக்குப் பட்டாசல் பேச்சு கேட்காது. கல்யாணப் பேச்சு நடக்கும், காரியங்கள் முடிவாகும். காப்பியோடு உள்ளிருந்து வருபவருக்குப் பாதிதான் புரியும். பிறகு வந்த ஒரு மாற்றத்தில் அந்தச் சுவரில் பரிமாறுவதற்கென்று ஒரு ஜன்னல் திறந்தார்கள். சூடான தோசை அந்த வழியாகப் போயிற்று, பேச்சு அந்த வழியாக வந்தது. அதன் பிறகு மருமகள் அடுக்களையிலிருந்தே பதில் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டில் குறைந்த செலவில் நடந்த பெரிய சீர்திருத்தம் அந்த ஜன்னல்தான். இன்று சுவரையே எடுத்துவிடும் திறந்த அடுக்களையில் சமைப்பவர் தனித்துப்போவதில்லை, குழந்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். பதிலுக்கு நெடியும், மிக்ஸிச் சத்தமும், எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டிய நெருக்கடியும் வரும். தினமும் எண்ணெய்ச் சட்டி வைக்கும் வீட்டுக்கு அரைச்சுவரோ நகரும் கண்ணாடிக் கதவோ நடுவழி. இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் அளவு தருகிறது. சாப்பாட்டு இடம் தனியாக உள்ள அடுக்களைக்கு 5 சதுர மீட்டரும் 1.8 மீட்டர் அகலமும், அங்கேயே சாப்பிடுவதானால் 7.5 சதுர மீட்டரும் 2.1 மீட்டர் அகலமும் குறைந்தபட்சம். இரண்டு பேர் முதுகு உரசாமல் வேலை செய்ய நடுவில் நாலடி வழி வேண்டும். ஆண்களும் சமைக்கும் வீடுகளில் இந்த வழியே முதல் தேவை, அதற்காக ஒரு பக்கத்து மேடையை விட்டாலும் நஷ்டமில்லை.

கையில் உள்ள பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குழாய், கழிவுநீர் வாட்டம், மின்கம்பி, ஜன்னல், சுவர், மேடை உயரம் இவையெல்லாம் ஒருமுறை முடிந்தால் உடைத்துத்தான் மாற்ற முடியும். கதவுகள், கைப்பிடி, நிறம், விளக்கு, சிம்னி எல்லாம் பின்னால் சேர்க்கலாம், மாற்றலாம். இன்டக்‌ஷன் அடுப்புக்கான 16 ஆம்பியர் பாயின்ட்டை இப்போதே வைத்துவிட்டு அடுப்பை அடுத்த வருஷம் வாங்கலாம், கல் தட்டுகளை மட்டும் போட்டுவிட்டுக் கதவை ஒரு போனஸ் வந்ததும் மாட்டலாம். வேலை தொடங்கும் முன் தரையில் சாக்பீஸால் மேடையையும் தொட்டியையும் பிரிட்ஜையும் முழு அளவில் வரைந்து, அங்கே சமைக்கப்போகிறவர் காப்பி போடுவது முதல் பாத்திரம் கழுவுவது வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே வீணாகத் திரும்புகிறோம் என்பது அந்த நடையிலேயே தெரியும். படம் வரைபவர், கொத்தனார், பணம் கொடுப்பவர் எல்லோரும் பேசலாம். அடுப்பும் தொட்டியும் எங்கே என்ற முடிவு மட்டும் அங்கே தினமும் நிற்கப்போகிறவருடையதாக இருக்க வேண்டும்.